நுளம்பைத் தேடிச் சென்ற வைத்தியர்: சேர் ரொனால்ட் ரொஸ்

ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதம் 20ஆந் திகதி உலக நுளம்பு தினமாக நினைவுகூரப்படுகின்றது. 1897ஆம் ஆண்டு அதே நாளில், தென்னிந்தியாவின் செக்கந்தராபாத் நகரில், இராணுவ வைத்தியசாலையொன்றின் சிறிய அறையில் இருந்த ஒரு வைத்தியர் நுளம்பொன்றின் வயிற்றைக் கீறி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். மனித குலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாட்டிவந்த மலேரியாக் காய்ச்சலின் இரகசியம் அன்றுதான் வெளிப்படத் தொடங்கியது. அந்த வைத்தியரின் பெயர் ரொனால்ட் ரொஸ்.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே இந்நோயைக் கொண்டுவருகின்றது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். எமது மக்களும் காட்டுத் தண்ணீரையும் பனியையும் குறை கூறினரே அன்றி, இரவு முழுவதும் காதருகே இரைந்துகொண்டிருந்த நுளம்பை எவரும் சந்தேகித்ததில்லை. காற்றைக் குற்றஞ்சாட்டும் வரையில் நோயைத் தடுக்க வழியில்லை. காற்றை யாரால் தடுக்க முடியும்? குற்றவாளி நுளம்பு என்று தெரிந்த பின்னரே மனிதனின் கைக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது.

அல்மோராவிற் பிறந்தவர்

ரொனால்ட் ரொஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி இமயமலை அடிவாரத்தில் உள்ள அல்மோரா என்னும் ஊரிற் பிறந்தார். மீரத் நகரில் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்து மூன்று நாட்களே கடந்திருந்தன. தந்தையார் பிரித்தானிய இந்திய இராணுவத்தில் அதிகாரி. எட்டு வயதிற் சிறுவன் ரொனால்ட் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, உறவினர் வீட்டில் தங்கிக் கல்வி கற்றான். பிறந்த மண் ஓரிடமும் வளர்ந்த மண் வேறிடமுமாக அமைந்த அந்த வாழ்க்கையின் தனிமை அவரது இயல்பில் இறுதிவரை ஒரு கடுமையை விட்டுச் சென்றது.

அவர் விரும்பியது வைத்தியத் தொழிலையன்று. ஓவியத்திலும் இசையிலும் கவிதையிலும் மனம் தோய்ந்திருந்தது. தந்தையாரோ மகன் வைத்தியனாக வேண்டும் என்பதிற் பிடிவாதமாக நின்றார். வேண்டாவெறுப்போடு இலண்டனில் உள்ள சென் பார்த்தலோமியு வைத்தியசாலையிற் சேர்ந்த ரொஸ், படிப்பில் எவ்விதச் சிறப்பையும் காட்டவில்லை. 1881ஆம் ஆண்டு இந்திய வைத்திய சேவைக்குத் தெரிவாகி, சென்னை மாகாணப் பிரிவில் நியமனம் பெற்றார். சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் எனப் பல இடங்களிற் பணியாற்றிய அந்த ஆண்டுகளிற் கணிதம் பயின்றார், கவிதை எழுதினார், நாவல் ஒன்றையும் வெளியிட்டார். வைத்தியம் அவருக்குச் சோறு போடும் தொழிலாக மாத்திரமே இருந்தது.

ஆயினும் 1883ஆம் ஆண்டு பெங்களூரில் நடந்த சிறு சம்பவமொன்று பின்னாள் ஆய்வுக்கு முன்னறிவிப்புப் போல அமைந்தது. தமது வீட்டில் நுளம்புத் தொல்லை மிகுந்திருப்பதைக் கண்ட அவர், சாளரத்தின் அருகே இருந்த தண்ணீர்த் தொட்டியிற் புழுக்கள் நெளிவதைக் கவனித்தார். தொட்டியைக் கவிழ்த்துவிட்டார், நுளம்புகள் மறைந்தன. ஏனைய தொட்டிகளையும் இவ்வாறே கவிழ்க்கலாமே என்று படைப்பிரிவின் அதிகாரியிடம் எடுத்துக் கூறியபோது, இயற்கை ஏதோ ஒரு காரணத்துக்காகவே நுளம்பைப் படைத்திருக்கும் என்ற மறுமொழியே கிடைத்தது. அறியாமையைவிட அலட்சியமே பெரிய பகை என்பதை ரொஸ் அன்றே உணர்ந்திருக்க வேண்டும்.

ஐயம் தெளிந்த ஆண்டு

மலேரியா நோயாளரின் குருதியில் நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று வாழ்வதைப் பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லவரான் 1880ஆம் ஆண்டு அல்ஜீரியாவிற் கண்டறிந்திருந்தார். ரொஸ் இதனை நம்பவில்லை. தாம் பார்த்த குருதிகளில் அத்தகைய ஒட்டுண்ணியைக் காணாமையால், லவரானின் கூற்றே தவறானது என்று எழுதவும் செய்தார்.

1894ஆம் ஆண்டு விடுமுறையில் இலண்டன் சென்றபோது, வெப்பமண்டல நோய்களிற் பெரும் புலமை பெற்றிருந்த பற்றிக் மான்சனைச் சந்தித்தார். மான்சன் சீனாவில் நீண்டகாலம் பணியாற்றியவர். யானைக்கால் நோய்க்குரிய புழு நுளம்பின் உடலில் வளர்வதை 1877ஆம் ஆண்டிலேயே கண்டவர். அவர் நோயாளியின் குருதித் துளியை நுணுக்குக்காட்டியில் வைத்து லவரானின் ஒட்டுண்ணியை ரொஸ்ஸின் கண்முன் காட்டினார். எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று அறிந்தவரே ஒன்றைக் காண முடியும் என்பது ரொஸ்ஸுக்கு அன்று விளங்கியது. இந்த ஒட்டுண்ணியின் மறுபாதி வாழ்வு நுளம்பின் உடலிலே கழியக்கூடும் என்ற மான்சனின் ஊகத்தை மெய்ப்பிக்கும் உறுதியோடு 1895ஆம் ஆண்டு இந்தியா திரும்பினார்.

செக்கந்தராபாத்தின் வெப்பத்தில்

அதன்பின் நடந்தது பொறுமையின் வரலாறு. எந்த நுளம்பு நோயைச் சுமக்கின்றது என்பது தெரியாது. ஒட்டுண்ணி நுளம்பின் உடலில் எங்கே இருக்கும், எந்த உருவில் இருக்கும் என்பதும் தெரியாது. நுளம்பு நீரில் இறந்த பின் அந்நீரைக் குடிப்போருக்கு நோய் தொற்றலாம் என்று மான்சன் எண்ணியதும் ரொஸ்ஸைத் தவறான பாதையிற் சிறிது தூரம் இழுத்துச் சென்றது.

அரும்புழுக்களிலிருந்து நுளம்புகளை வளர்த்து, மலேரியா நோயாளரைக் கடிக்கவிட்டு, பின்னர் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தார். சாம்பல் நிற நுளம்புகளும் வரி நுளம்புகளும் நூற்றுக்கணக்கில் ஆராயப்பட்டன. ஒன்றிலும் எதுவும் கிடைக்கவில்லை. இடையே வாந்திபேதி நோயைக் கட்டுப்படுத்தவெனப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். 1897ஆம் ஆண்டு உதகமண்டலத்துக்குச் சென்றவர், மலையடிவாரத்துச் சீகூர்ப் பகுதியில் மலேரியாவை ஆராய முற்பட்டுத் தாமே அந்நோய்க்கு ஆளானார். சிறகுகளிற் புள்ளிகளைக் கொண்ட வேறொரு வகை நுளம்பு அவரது கவனத்துக்கு வந்ததும் அங்கேதான்.

அவ்வாண்டு ஓகஸ்டில், செக்கந்தராபாத்தில் அவரது உதவியாளர்கள் கொண்டுவந்த அரும்புழுக்களிலிருந்து அதே புள்ளிச் சிறகு நுளம்புகள் வெளிவந்தன. இன்று அனோபிலிஸ் என அழைக்கப்படும் இனம் அது. ஹுசைன் கான் என்னும் நோயாளி தம் உடலை நுளம்புகளுக்குக் கொடுத்தார். கடிக்கும் நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ஓகஸ்ட் 16ஆந் திகதி பத்து நுளம்புகள் அவரது குருதியைக் குடித்தன. பத்து அணா அவருக்குக் கிடைத்தது. நுளம்புகள் நாளுக்கு நாள் இறந்து குறைந்தன.

வெப்பம் தாங்க முடியாத அந்நாட்களில் விசிறியை இயக்கவும் ரொஸ் இடங்கொடுக்கவில்லை; காற்றடித்தால் கீறி வைத்த நுளம்பு பறந்துவிடும். வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. 20ஆந் திகதி கீறிய நுளம்பின் வயிற்றுச் சுவரில், வழக்கமாக அங்கே இருக்கக்கூடாத வட்டமான கலங்களைக் கண்டார். அவற்றினுள்ளே மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய நிறமணிகள் இருந்தன. மறுநாள், மீதமிருந்த நுளம்பைக் கீறியபோது அதே கலங்கள் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. ஒட்டுண்ணி நுளம்பினுள் உயிரோடு வளர்கின்றது என்பதில் ஐயமில்லாது போயிற்று.

சிட்டுக்குருவிகள் தந்த விடை

வெற்றியின் வாயிலில் நின்றவரை அரசாங்கம் இராஜபுதனத்தில் உள்ள கேர்வாரா என்னும் இடத்துக்கு மாற்றியது. அங்கே மலேரியா அரிது, ஆய்வு நின்றது. மான்சன் இலண்டனிலிருந்து அரசாங்கத்திடம் விடாது வற்புறுத்தியதன் பயனாக, 1898ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். மனித நோயாளர் போதியளவு கிடைக்காத நிலையில், பறவைகளைப் பீடிக்கும் மலேரியாவைத் தெரிந்துகொண்டார். மொகமட் பக்ஸ் என்னும் உதவியாளர் அவரோடு இரவு பகலாக உழைத்தார்.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வழி முழுவதும் துலங்கியது. நுளம்பின் வயிற்றுச் சுவரில் வளரும் கலம் வெடித்து, அதிலிருந்து வெளிவரும் நுண்ணிய கதிர் போன்ற உயிர்கள் உடலெங்கும் பரவி, இறுதியில் உமிழ்நீர்ச் சுரப்பியிற் சென்று தங்குகின்றன. நுளம்பு கடிக்கும்போது உமிழ்நீரோடு அவை குருதியிற் கலக்கின்றன. நோயுற்ற நுளம்புகளை நலமான சிட்டுக்குருவிகள் மீது விட்டபோது, சில நாட்களில் அக்குருவிகளும் நோயுற்றன. குடிக்கும் நீரும் அன்று, சுவாசிக்கும் காற்றும் அன்று. கடியே காரணம் என்பது நிலைநாட்டப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியின் கிராஸியும் அவரது தோழர்களும் மனித மலேரியா அனோபிலிஸ் நுளம்பினால் தொற்றுவதை முழுமையாக நிறுவினர். முதன்மை யாருக்கு என்பதில் ரொஸ்ஸுக்கும் கிராஸிக்கும் எழுந்த பகை இறுதிவரை தணியவில்லை. 1902ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு ரொஸ்ஸுக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற முதற் பிரித்தானியர் அவரே.

நோயை எண்ணியவர்

ரொஸ்ஸின் வாழ்க்கையைக் கூறுவோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவர். ஆயின் நோயைக் கண்டுகொள்வது ஒரு பாதி. அது எங்கே, எவ்வளவு, யாரிடத்தில் இருக்கின்றது என்று இடைவிடாது கண்காணிப்பது மறு பாதி. அந்த இரண்டாம் பாதியில் ரொஸ் ஆற்றிய பணி முதற் பாதிக்குச் சற்றும் குறைந்ததன்று.

1899ஆம் ஆண்டு இந்திய சேவையிலிருந்து விலகி லிவர்பூல் வெப்பமண்டல வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தவர், அவ்வாண்டே மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்று, அங்கே நோயைச் சுமக்கும் நுளம்புகளையும் அவை பெருகும் குட்டைகளையும் கண்டறிந்தார். 1902ஆம் ஆண்டு சுயஸ் கால்வாய்க் கம்பனியின் அழைப்பின் பேரில் எகிப்தின் இஸ்மாயிலியா நகருக்குச் சென்றார். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 பேரை மலேரியா பீடித்த நகரம் அது. தேங்கிய நீரை வடித்தும் குட்டைகளை நிரப்பியும் எண்ணெய் தெளித்தும் நுளம்பைக் குறைத்ததன் பயனாகச் சில ஆண்டுகளுக்குள் அங்கே புதிய நோயாளரைக் காண்பது அரிதாயிற்று.

1907ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மொரீசியஸ் தீவுக்கு அழைக்கப்பட்டார். தமிழகத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவு அது. 1860களில் அங்கே புகுந்த மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் குடித்திருந்தது. யாருக்கு நோய் இருக்கின்றது என்று ஒவ்வொருவரின் குருதியையும் சோதிக்க அக்காலத்தில் வசதியில்லை. ரொஸ் எளிய வழியொன்றைக் கையாண்டார். மலேரியாவால் மீண்டும் மீண்டும் தாக்கப்படும் பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கியிருக்கும். இடப்பக்க விலாவின் கீழே கையை வைத்து அழுத்தினாலே தெரிந்துவிடும். இம்முறை வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் முன்னரே வைத்தியர்களாற் கையாளப்பட்டதுதான். ரொஸ்ஸின் மேற்பார்வையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தோட்டம் தோட்டமாகவும் பாடசாலை பாடசாலையாகவும் பரிசோதிக்கப்பட்டனர். எந்த ஊரில் நோய் மிகுதி, எந்த ஊரிற் குறைவு என்பது முழுத் தீவுக்கும் எண்களாகத் துலங்கியது. எங்கே முதலிற் பணம் செலவிட வேண்டும் என்பதை அந்த எண்களே காட்டின.

இளமையிற் பொழுதுபோக்காகக் கற்ற கணிதம் அப்போது கைகொடுத்தது. நுளம்பு நோயாளி ஒருவரைக் கடிக்க வேண்டும். ஒட்டுண்ணி முதிரும் பல நாட்கள் வரை அது உயிரோடு இருக்க வேண்டும். அதன்பின் நலமான ஒருவரைக் கடிக்க வேண்டும். இம்மூன்றும் ஒருசேர நிகழ்வது அவ்வளவு எளிதன்று. ஆகவே நுளம்புகளின் தொகை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், புதிதாக நோயுறுவோரைவிடக் குணமடைவோர் அதிகமாகி, நோய் தானாகவே தேய்ந்து மறையும். கடைசி நுளம்பையும் கொல்ல வேண்டியதில்லை. 1908ஆம் ஆண்டு மொரீசியஸ் அறிக்கையிலும் 1910ஆம் ஆண்டு வெளிவந்த மலேரியாத் தடுப்புப் பற்றிய நூலிலும் அவர் வகுத்த இக்கணக்கே, இன்று எந்தத் தொற்றுநோய் பரவினாலும் ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும் என்று உலகம் போடும் கணக்குக்கு முன்னோடி.

பெருமையும் குறையும்

1911ஆம் ஆண்டு சேர் பட்டம் பெற்ற ரொஸ்ஸின் பிற்கால வாழ்வு இனிமையானதன்று. 1914ஆம் ஆண்டு ஓகஸ்டில், முதலாம் உலகப் போரின் தொடக்க நாட்களிலேயே மூத்த மகன் பிரான்சின் லு காத்தோ போர்க்களத்தில் உயிரிழந்தான். தமது பணிக்கு அரசாங்கம் உரிய கைம்மாறு செய்யவில்லை என்ற மனக்குறை அவரை வாட்டியது. கைபிடித்து வழிகாட்டிய மான்சனோடும் பின்னாளிற் கசப்பு ஏற்பட்டது. பிறர் பங்கை ஒப்புக்கொள்ள அவரது மனம் எளிதில் இடந்தரவில்லை.

நோபல் பரிசு ஒருவருக்கே சென்றது. ஆயினும் அந்தக் கண்டுபிடிப்புக்குத் தம் உடலைக் கொடுத்த ஹுசைன் கானும், குருவிகளையும் நுளம்புகளையும் இரவெல்லாம் காத்த மொகமட் பக்ஸும், குட்டைகளில் அரும்புழு தேடிய பெயர் தெரியாத ஊழியர்களும் இல்லாமல் அது நிகழ்ந்திராது. அவர்கள் ஒரு பேரரசின் கூலியாட்கள். வரலாறு அவர்களுக்கு ஓரிரு வரிகளையே ஒதுக்கியுள்ளது. ரொஸ்ஸின் பெருமையைப் போற்றும்போது அவர்களையும் நினைப்பது நீதியாகும்.

1926ஆம் ஆண்டு இலண்டன் புட்னியில் அவரது பெயரால் ஆய்வு நிலையமும் வைத்தியசாலையும் திறக்கப்பட்டன. 1932ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16ஆந் திகதி அங்கேயே அவர் காலமானார். அந்நிலையம் பின்னர் இலண்டன் சுகாதார, வெப்பமண்டல வைத்தியக் கல்லூரியோடு இணைக்கப்பட்டது. கெப்பல் வீதியில் உள்ள அக்கல்லூரிக் கட்டடத்தின் முகப்பில் அவரது பெயரை இன்றும் காணலாம்.

எமது தீவின் அனுபவம்

அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில் இலங்கை பேரழிவொன்றைச் சந்தித்தது. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து, ஓடும் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. வழக்கமாக மலேரியா அதிகம் இல்லாத ஈரவலயக் கிராமங்களில், நோய்க்குப் பழக்கப்படாத மக்களிடையே காய்ச்சல் தீயெனப் பரவிற்று. 1935ஆம் ஆண்டு அது தணிவதற்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர். அறிவு இருந்தது, கண்காணிப்பு இருக்கவில்லை.

பின்னர் டிடிரி மருந்தின் துணையோடு நோய் அடங்கி, 1963ஆம் ஆண்டு நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாகினர். வெற்றி கிட்டிவிட்டது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1969ஆம் ஆண்டு நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. வன்னியிலும் கிழக்கிலும் குளிர்காய்ச்சலோடு வாழ்ந்த தலைமுறைகளுக்கு அதன் கொடுமையை எடுத்துக் கூறத் தேவையில்லை. போர்க்காலத்திலும் வடக்கு கிழக்கிற் குருதிப் பரிசோதனையும் மருந்து வழங்கலும் முற்றாக நின்றுவிடாது தொடர்ந்தன. ஈற்றில் 2012ஆம் ஆண்டோடு உள்நாட்டில் தொற்றும் மலேரியா இல்லாது போய், 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்காணித்தவர்கள் இருந்தமையாலேயே அது கண்ணிற் பட்டது.

புலம்பெயர்ந்த எமக்கு

குளிர் நாட்டுக்கு வந்துவிட்டோம், இனி நுளம்புக் கவலையில்லை என்று எண்ணுவது தவறு. 2007ஆம் ஆண்டு கேரளத்திலிருந்து இத்தாலிக்கு வந்த ஒருவரின் உடலிற் சிக்குன்குனியா இருந்தது. அங்கே குடியேறியிருந்த புலி நுளம்பு அவரைக் கடித்துப் பிறரையும் கடிக்க, வட இத்தாலியக் கிராமங்களில் இருநூறுக்கும் அதிகமானோர் நோயுற்றனர். 2010ஆம் ஆண்டு தென் பிரான்சில் டெங்குக் காய்ச்சல் உள்ளூரிலேயே தொற்றியது. ஐரோப்பியப் புல்வெளிகளிலும் காடுகளிலும் உள்ள உண்ணிகள் லைம் என்னும் நோயைப் பரப்புகின்றன. கடித்த இடத்தைச் சுற்றி நாளடைவில் விரியும் சிவந்த வட்டம் அதன் அடையாளம்.

மலேரியாவோ இன்னமும் ஒழியவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 6 இலட்சம் உயிர்களை அது பறித்தது. அவர்களிற் பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குழந்தைகள். ஆபிரிக்க நாடுகளின் ஊடாக வந்து சேர்ந்தவர்களும், இந்தியாவுக்குச் சென்று திரும்புவோரும், காய்ச்சல் கண்டால் அதனைத் தடிமற் காய்ச்சல் என்று எண்ணி மாத்திரையோடு படுத்துவிடலாகாது. கொடிய வகை மலேரியா சில நாட்களிலேயே மூளையைத் தாக்கும். வேறு வகை, கடித்துப் பல மாதங்கள் கடந்த பின்னரும் தலைதூக்கும்.

இந்நாட்டு வைத்தியருக்கு எமது பயணம் தெரியாது. எந்த நாட்டின் வழியாக வந்தோம், எப்போது வந்தோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே முன்வந்து சொல்ல வேண்டும். வழி பற்றிக் கூறினால் அகதி விண்ணப்பத்துக்கு இடையூறு வருமோ என அஞ்சி மறைப்போர் உண்டு. வைத்தியரிடம் சொல்வது நோயைக் கண்டறிவதற்கே. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் தொழிற் கடமை. அச்சம் நீங்காவிடில், பயணம் செய்த நாட்டில் மலேரியா உண்டு, குருதியைச் சோதியுங்கள் என்ற அளவிலாவது கூறலாம். ரொஸ் இரண்டு ஆண்டுகள் வியர்வை சிந்தித் தேடியதை இன்று ஒரு துளிக் குருதி சில மணி நேரத்திற் காட்டிவிடும். அந்தத் துளியைக் கேட்டுப் பெறுவது எமது பொறுப்பு.